பழைய காருக்கும் பந்தயக் காருக்கும் சட்டமன்றத்தில் ஒரு குரல்

அமெரிக்காவின் மாநிலச் சட்டமன்றங்களில் கார் பிரியர்களுக்காகப் பேசும் உறுப்பினர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. 2005-ல் தொடங்கிய அந்தக் குழுவில் குடியரசுக் கட்சியினரும் ஜனநாயகக் கட்சியினரும் கலந்தே இருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரசிலும் மோட்டார் பந்தயத்துக்காக இதுபோன்ற ஒரு குழு உண்டு. பழைய காரைப் பிரித்துப் பூட்டி ஓட்டுபவர், வீட்டுக் கொட்டகையில் பந்தயக் கார் கட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் வேகம் பார்ப்பவர் ஆகியோர் மீது, அவர்களை மனத்தில் வைத்து எழுதப்படாத சட்டம் வந்து விழாமல் பார்த்துக்கொள்வது இவர்கள் எடுத்துக்கொண்ட வேலை.

வாகனச் சட்டம் எழுதுபவரின் கண்முன் நிற்பது தினமும் அலுவலகம் போய்வரும் கார். கோடிக்கணக்கில் ஓடும் அந்தக் காரின் புகையையும் விபத்தையும் குறைக்கத்தான் விதிகள் வருகின்றன. 1948 மாடல் ஃபோர்டைத் துடைத்து வைத்து, மாதத்தில் ஒருநாள் வெளியே எடுப்பவர் அந்த நேரத்தில் யார் நினைவுக்கும் வருவதில்லை. விதி நடைமுறைக்கு வந்து, அவருடைய கார் எந்தச் சோதனையிலும் தேறாது என்று ஆன பிறகே அவர் கதவைத் தட்டுகிறார். அப்போது காலம் கடந்திருக்கும். மசோதா விவாதத்தில் இருக்கும்போதே எழுந்து நின்று ஒரு விலக்கு கேட்க அவைக்குள் ஆள் வேண்டும் என்பதை அமெரிக்கக் கார் பிரியர்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பிடம் தெற்குக் கலிஃபோர்னியா. 1930-களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, என்ஜினைத் திருத்தி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். இப்படித் திருத்திய கார்களுக்கு ‘ஹாட் ராட்’ என்ற பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தப் பழக்கம் நகரத் தெருக்களுக்கு வந்தது. விபத்துகள் நடந்தன, பத்திரிகைகள் கண்டித்தன, போலீஸ் துரத்தியது. வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதன் நோக்கம், பந்தயத்தைத் தெருவிலிருந்து எடுத்து, ஒழுங்கான ஓடுதளத்தில் வைப்பதுதான். 1953-ல் அந்தச் சங்கம் போமோனா நகரில் முதல் பந்தயத்தை நடத்தியபோது உள்ளூர் போலீசே அதற்குத் துணை நின்றது. அரசும் கார் பிரியர்களும் ஒத்துப்போக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது.

வேகத்துக்கான உதிரிபாகங்களைச் செய்த சிறு பட்டறைகள் 1963-ல் ஒரு சங்கமாகச் சேர்ந்தன. ‘சீமா’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்தச் சங்கம் இன்று ஆண்டுதோறும் லாஸ் வேகஸில் பெரிய கண்காட்சி நடத்துகிறது. 1997-ல் கார் பிரியர்களை ஒரு வலையமைப்பாகத் திரட்டியதும், 2005-ல் சட்டமன்ற உறுப்பினர் குழுவுக்கு ஏற்பாடு செய்ததும் இந்தச் சங்கம்தான். உதிரிபாகம் விற்பவர்களின் அமைப்பு இது என்பதை மறந்துவிடக் கூடாது. உறுப்பினர் குழு பேசும் பேச்சில் பொழுதுபோக்கின் குரலும் வியாபாரத்தின் குரலும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தால்தான் எந்த விலக்கு நியாயமானது என்று சொல்ல முடியும்.

சட்டமன்றத்தில் எழும் ஒரு குரலுக்கு எவ்வளவு ஆயுள் இருக்க முடியும் என்பதற்கு 1970-ல் நடந்த ஒரு கேள்வி-பதில் சாட்சி. அந்த ஆண்டு டிசம்பரில் தூய காற்றுச் சட்டம் இறுதி வடிவத்தில் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. கார்ப் புகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய முதல் பெரிய சட்டம் அது. அலபாமா உறுப்பினர் பில் நிக்கல்ஸ் எழுந்து ஒரு விளக்கம் கேட்டார். முறையான பந்தயங்களுக்காகச் செய்யப்படும் அல்லது திருத்தப்படும் வண்டிகளும் இந்தச் சட்டத்தில் அடங்குமா என்பது கேள்வி. சபையின் வர்த்தகக் குழுத் தலைவர் ஹார்லி ஸ்டேகர்ஸ், அவை அடங்கா என்று பதில் சொன்னார். நிக்கல்ஸின் சொந்த ஊர் அலபாமாவின் டாலடேகா மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டாலடேகாவில் மாபெரும் பந்தயத் தடம் திறக்கப்பட்டிருந்தது. தொகுதி மக்களின் பிழைப்போடு சேர்ந்த கேள்வியை உரிய நேரத்தில் கேட்டார் அந்த உறுப்பினர்.

ஆனால் அவைக் குறிப்பில் பதிவான பதில் வேறு, சட்டத்தின் வாசகம் வேறு. ஸ்டேகர்ஸ் சொன்னது சட்டத்துக்குள் ஒரு பிரிவாக எழுதப்படவில்லை. 1990-ல் வந்த திருத்தம், போட்டிக்காக மட்டுமே பயன்படும் வண்டிகளுக்கு ஓரளவு இடம் கொடுத்தது. முதலிலேயே பந்தயத்துக்கென்று செய்த காருக்குச் சிக்கல் இல்லை. சாலையில் ஓடுவதற்காகப் புகைச் சான்று பெற்று, கடையில் விற்பனையாகி, பிறகு பந்தயக் காராக மாற்றப்படும் வண்டியின் நிலை என்ன என்பதுதான் தெளிவாகாமல் போனது. அமெரிக்காவில் சிற்றூர் ட்ராக்குகளில் ஓடும் பந்தயக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு பழைய காரை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, சைலன்சரையும் என்ஜின் கணினியையும் மாற்றுவார்கள். அதன்பின் அது சாலைக்கு வராது, டிரெய்லரில் ஏறித்தான் ட்ராக்குக்குப் போகும்.

2015 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கனரக லாரிகளின் புகை பற்றிய நீண்ட வரைவு விதி ஒன்றை வெளியிட்டது. அதற்குள் இருந்த ஒரு வாசகம், சான்று பெற்ற வண்டியைப் பந்தயத்துக்காக மாற்றினாலும் அதன் புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தொடக் கூடாது என்றது. லாரி விதிக்குள் புதைந்திருந்த அந்த வரியைப் பந்தய உலகம் சில மாதங்கள் கழித்தே கண்டது. வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்துகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 2016 ஏப்ரலில் முகமை அந்த வாசகத்தை நீக்கிக்கொண்டது. ஆனால் தன் சட்டப் புரிதலை அது மாற்றிக்கொள்ளவில்லை.

அதற்குச் சற்று முன்பே, மார்ச் மாதத்தில், வட கரோலினா உறுப்பினர் பேட்ரிக் மெக்ஹென்றி ஒரு மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். ‘ஆர்.பி.எம்.’ மசோதா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது, போட்டிக்கு மட்டுமே பயன்படும் காராக ஒரு சாலை வண்டியை மாற்றுவது சட்டத்துக்கு உட்பட்டதே என்று எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டது. வட கரோலினாவிலிருந்து இந்தக் குரல் எழுந்ததில் வியப்பில்லை. நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தயத்தின் அணிகளில் பெரும்பாலானவை சார்லட் நகரைச் சுற்றித்தான் பட்டறை வைத்திருக்கின்றன. ஸ்டாக் கார் பந்தயத்தை 2011-ல் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்த மாநிலம் அது. மசோதாவை ஆதரித்தவர்களில் ஃபுளோரிடாவின் பில் போசி போல, சிறு ட்ராக்குகளில் தாமே பந்தயம் ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

மசோதா 2017, 2019, 2021 என்று மீண்டும் மீண்டும் அறிமுகமானது. 2022 செப்டம்பரில் செனட்டின் சுற்றுச்சூழல் குழு இதுபற்றி விசாரித்தபோது, டிராக் பந்தய சாம்பியன் ஆன்ட்ரான் பிரவுன் நேரில் வந்து சாட்சி சொன்னார். ஆனாலும் சட்டம் நிறைவேறவில்லை. எதிர்த்தவர்களிடம் ஒரு வலுவான கணக்கு இருந்தது. 2020 நவம்பரில் முகமை வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அகற்றப்பட்டிருந்தன. அந்த வண்டிகள் தம் ஆயுளில் கூடுதலாக வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன்னுக்கு மேல் என்று அறிக்கை மதிப்பிட்டது. பந்தய ட்ராக்கைக் கண்ணால் பார்த்திராத வண்டிகள் அவை. ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்ட டப்பாவில் வரும் பாகம், பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் பொருத்தப்படுகிறது.

பந்தயக்காரர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனையைச் சரிபார்க்க வழி சொல்லாத சட்டம் காற்றைக் காக்காது. சாலைப் பதிவை ரத்து செய்வது, நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுப்பது போன்ற கையில் பிடிக்கக்கூடிய நிபந்தனைகளைச் சேர்த்தால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச இடமிருக்கும்.

நிபந்தனை கறாராக இருந்தால் சட்டம் நிறைவேறும் என்பதற்கு இதே காங்கிரசில் ஓர் உதாரணம் உண்டு. 1965-ன் கோப்ரா, 1930-களின் ஃபோர்டு போன்ற கார்களைப் போலவே புதிதாகச் செய்துதரும் சிறு நிறுவனங்கள் அமெரிக்காவில் பல இருக்கின்றன. முழுக் காரையும் செய்து விற்றால், லட்சக்கணக்கில் கார் செய்யும் நிறுவனத்துக்குள்ள அத்தனை பாதுகாப்பு விதிகளும் முன்பு பொருந்தின. மோதல் சோதனைக்காகப் பல கார்களை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு முப்பது கார் செய்யும் பட்டறைக்கு அது நடக்கிற காரியமா? அதனால் அவர்கள் பாடியையும் சேஸியையும் மட்டும் விற்றார்கள். வாங்கியவர் என்ஜினைத் தனியே வாங்கி, தானோ மெக்கானிக்கை வைத்தோ பொருத்திக்கொண்டார்.

ஒக்லஹோமாவின் மார்க்வெய்ன் மல்லின் குடியரசுக் கட்சிக்காரர், டெக்ஸஸின் ஜீன் கிரீன் ஜனநாயகக் கட்சிக்காரர். இருவரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா, பெரிய போக்குவரத்துச் சட்டம் ஒன்றின் பகுதியாக 2015 டிசம்பர் 4 அன்று அதிபர் ஒபாமாவின் கையெழுத்தைப் பெற்றது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 325 கார்கள் வரை செய்யலாம். உலக அளவில் அதன் உற்பத்தி 5,000-ஐத் தாண்டக் கூடாது. காரின் தோற்றம் குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முந்தைய மாடலை ஒத்திருக்க வேண்டும். பொருத்தும் என்ஜின் புகை விதியை நிறைவேற்ற வேண்டும். எண்ணிக்கை, வயது, புகை என்று மூன்று பக்கமும் வேலி போட்ட சட்டம் இது, பெரிய நிறுவனம் எதுவும் நுழைந்து தப்பிக்க வழியில்லை. நடைமுறை விதியை எழுதவேண்டிய துறை தாமதித்ததால், 2019-ல் சீமா நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இறுதி விதி 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் நிறைவேறுவதோடு உறுப்பினரின் வேலை முடிந்துவிடுவதில்லை.

செனட்டில் வட கரோலினாவின் ரிச்சர்ட் பர், மொன்டானாவின் ஜான் டெஸ்டர் இருவரும் 2010-ல் கொண்டுவந்த தீர்மானத்தால், சேகரிப்புக் கார்களைப் போற்றும் நாள் ஒன்று அந்த ஜூலையில் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. பர் தலைநகர்ச் சாலைகளில் பழைய வோக்ஸ்வேகன் ‘திங்’ வண்டியைத் தாமே ஓட்டி வந்தவர். தீர்மானத்தால் எந்த விதியும் மாறவில்லை. ஆனாலும் கட்சி கடந்து இரண்டு பேர் ஒரு பழைய காருக்காகச் சேர்ந்து நின்ற காட்சிக்கு மதிப்புண்டு.

கார் பிரியர்கள் அதிகம் அஞ்சுவது காயலான் கடையை. 1990-ல் யூனோகால் என்ற எண்ணெய் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1971-க்கு முந்தைய கார்களை ஒவ்வொன்றும் 700 டாலர் கொடுத்து வாங்கி நசுக்கியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் அப்படிப் போயின. காற்று சற்றுத் தூய்மையானது உண்மை. வேறெங்கும் கிடைக்காத கதவுகளும் கியர் பெட்டிகளும் சேர்ந்து போனதும் உண்மை. 2009-ல் மத்திய அரசே 300 கோடி டாலர் செலவில் இப்படியொரு திட்டம் நடத்தியது. பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்குபவருக்கு 4,500 டாலர் வரை கிடைத்தது. சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓட்டி, அந்தப் பழைய என்ஜின்களை மீண்டும் உயிர்பெறாதபடி இறுக்கினார்கள். சுமார் 6,80,000 வண்டிகள் இவ்வாறு முடிந்தன. ஆனால் இந்த முறை, கொடுக்கும் காரின் வயது 25-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு சட்டத்திலேயே இருந்தது. அதைவிடப் பழைய கார்கள் நசுக்கும் இயந்திரத்துக்குப் போகாமல் தப்பின. என்ஜினைத் தவிர்த்த பல பாகங்களைக் கழற்றி விற்கவும் அனுமதி இருந்தது. ஒற்றை எண் ஒன்று சட்டத்தில் இடம்பெறுவதால் எத்தனை பொருள் பிழைக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அமெரிக்காவில் காரின் பதிவு, நம்பர் பிளேட், ஆண்டுச் சோதனை எல்லாம் மாநிலங்களின் கையில். அதனால் அன்றாடப் பிரச்சினைகள் மாநிலச் சட்டமன்றத்துக்கே வருகின்றன. 1932 ஃபோர்டின் வடிவில் கண்ணாடியிழை பாடியும் புதிய சேஸியும் வைத்துக் கட்டிய காரை எந்த ஆண்டு மாடல் என்று பதிவது? அது எந்த மாடலை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டையே எழுதலாம் என்று பல மாநிலங்கள் சட்டம் செய்திருக்கின்றன. 1948 வரையிலான மாடல்களுக்கு ‘ஸ்ட்ரீட் ராட்’ என்று ஒரு வகை, அதற்குப் பிந்தைய, 25 ஆண்டு கடந்த கார்களுக்கு இன்னொரு வகை. வீட்டு வளாகத்தில் ஓடாத கார் நின்றால் நகராட்சி இழுத்துக்கொண்டு போகும் ஊர்களில், உதிரிபாகத்துக்காக வைத்திருக்கும் காரை வேலிக்குப் பின்னால் மறைவாக வைத்தால் போதும் என்ற விலக்கைச் சில மாநிலங்கள் தந்திருக்கின்றன. தலைப்புச் செய்தியாகாத இந்தச் சின்னச் சட்டங்களால்தான் ஒரு சாமானியர் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டாவது ஒரு காரை முடிக்க முடிகிறது.

வெளிநாட்டுக் கார்களுக்கும் 25 ஆண்டுதான் கணக்கு. 1988-ல் வந்த இறக்குமதிச் சட்டத்தின்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்கு உட்படாத காரைக்கூட 25 ஆண்டு கடந்த பிறகு கொண்டுவரலாம். இப்படி ஜப்பானிலிருந்து வந்திறங்கும் குட்டி லாரிகளும் வேன்களும், அதாவது நம்மூர் மாருதி ஆம்னிக்கு மூலமான சுஸுகி கேரி வகை வண்டிகள், சிறுவிவசாயிகளுக்கும் கார் பிரியர்களுக்கும் பிடித்துப்போயின. மத்திய அரசு அனுமதித்தாலும் சில மாநிலங்கள் பதிவு தர மறுத்தன. டெக்ஸஸில் எதிர்ப்பு வலுத்தபின் 2024-ல் அந்த மாநில வாகனத் துறை இவற்றுக்குப் பதிவு தர முன்வந்தது. இந்தியாவிலும் வயதுதான் கணக்கு: 2021-ல் வந்த விதி, 50 ஆண்டு கடந்து பழைய வடிவிலேயே இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று ஏற்று, அதற்குத் தனிப் பதிவு எண் தருகிறது.

ட்ராக்குகளின் கதை வேறு. ஊருக்கு வெளியே கட்டிய ட்ராக்கை நோக்கி ஊர் நகர்ந்து வரும். பிறகு சத்தம் என்று புகார் எழும். லாஸ் ஏஞ்சலஸின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் 1972-ல் இப்படித்தான் மூடப்பட்டது. ரிவர்சைடு தடம் 1989-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் வணிக வளாகம் வந்தது. ட்ராக் வந்த பிறகு அக்கம்பக்கத்தில் குடிவந்தவர், சத்தத்தைக் காட்டி அதை மூடக் கேட்டு வழக்குப் போட முடியாதபடி காக்கும் மசோதாக்கள் அண்மைக் காலத்தில் சில மாநிலங்களில் வந்திருக்கின்றன. மூடிய ட்ராக் மீண்டும் எழுவது அபூர்வம். 1947-ல் திறந்த நார்த் வில்க்ஸ்பரோ தடத்துக்கு அது வாய்த்தது. 1996-ல் நாஸ்கார் விட்டுப்போனபின் புல் முளைத்துக் கிடந்த அந்தத் தடத்தைச் சீரமைக்க, வட கரோலினா சட்டமன்றம் 2021 பட்ஜெட்டில், மத்திய அரசு தந்த கோவிட் நிவாரண நிதியிலிருந்து 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயம் அங்கே நடந்தது. நோய்க்கால நிவாரணப் பணம் பந்தயத் தடத்துக்குப் போகலாமா என்ற கேள்வி நியாயமானதே. மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் அந்தப் பந்தயம் பிழைப்பைத் திருப்பிக் கொண்டுவந்தது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும்.

பழைய கார்களைப் பற்றிய மிக நீண்ட சட்டச் சண்டை கலிஃபோர்னியாவில் நடந்தது. அங்கே பெரும்பாலான பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. மாநில செனட்டர் குவென்டின் காப் கொண்டுவந்த 1997 சட்டம் பழைய கார்களுக்கு விலக்கு தந்தது. 30 வயது கடந்த காருக்குச் சோதனை வேண்டாம் என்ற ஏற்பாட்டில், ஆண்டுக்கு ஒரு மாடல் தானாக விலக்குக்குள் வந்துகொண்டிருக்கும். 2004-ல் அந்த நகரும் கோட்டைச் சட்டமன்றம் நிறுத்திவிட்டது. பெரிய கார்களின் பிரியரான ஆளுநர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் அதில் கையெழுத்திட்டார். 1975 மாடல் வரை விலக்கு, அதன்பின் கிடையாது. புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வந்த ஆரம்ப கால மாடல்களுக்கு இன்று அசல் பாகங்கள் கிடைப்பதில்லை. சோதனை நிலையங்களிலும் பழைய கார்பரேட்டர் வண்டியைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

2025-ல் செனட்டர் ஷானன் குரோவ் இதை மாற்ற ஒரு மசோதா கொண்டுவந்தார். 35 வயது கடந்து, சேகரிப்புக் காருக்கான தனிக் காப்பீடு உள்ள வண்டிக்குச் சோதனை வேண்டாம் என்றது அது. அத்தகைய காப்பீடு தினசரி ஓட்டத்துக்குப் பொருந்தாது என்பதால், நிபந்தனை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வகையில் இருந்தது. நகைச்சுவைக் கலைஞரும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோவின் பெயரிலேயே மசோதா அழைக்கப்பட்டது, அவரே குழுவின் முன் வந்து சாட்சியும் சொன்னார். சுவாச நோய்களுக்காகப் பாடுபடும் அமைப்புகள் எதிர்த்தன. மாநில செனட் ஏற்றுக்கொண்ட அந்த மசோதாவை, கீழவையின் நிதிக் குழு 2025 ஆகஸ்டில் மேலே போகவிடாமல் நிறுத்திவைத்தது. ஆகவே அந்த ஆண்டும் கோடு நகரவில்லை. 1975 மாடல் காருக்குச் சோதனை இல்லை. அடுத்த ஆண்டு அதே பட்டறையிலிருந்து வெளிவந்த 1976 மாடல் கார், ஐம்பது வயதை நெருங்கியும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நின்றது.